யாரோ ஒருவன் – கடிதம்

அன்புள்ள சார்,

சிங்கப்பூரில் 9 வருடங்களாக ஐடி துறையில் இருக்கிறேன். ஜகார்த்தா, மணிலா, சிட்னி என்று மாதம் இரண்டு முறையாவது வேலைக்காகப் பறப்பேன். அதனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அடிக்கடி பறப்பவர்களுக்கு நடத்தும் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் 4 வருடமாக எலீட் கோல்டு கார்டு வைத்திருக்கிறேன். இந்த வருடம் ஆபீஸில் பயணங்களைக் குறைத்துவிட்டார்கள், எல்லாம் வீடியோ மீட்டிங்தான். கார்டைத் தக்கவைக்க வருடத்துக்கு 50,000 எலீட் மைல் வேண்டும், அதாவது பறக்கும் தூரத்தையும் டிக்கெட் வகையையும் பொறுத்துச் சேரும் புள்ளி. எனக்கு 3,200 குறைகிறது. இன்னும் 5 வாரம்தான் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை இரவு கிளம்பி டோக்கியோ போய், விமான நிலையத்திலேயே சில மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பினால் கணக்கு நேராகிவிடும். இதை மைலேஜ் ரன் என்பார்கள். மனைவி "உனக்கென்ன பைத்தியமா?" என்கிறாள். நான் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த விமானம் பறக்கத்தான் போகிறது, அதனால் சுற்றுச்சூழல் பற்றிய உறுத்தல் எனக்கு இல்லை. அமெரிக்காவில் ஒருவர் புட்டிங் என்ற இனிப்பை வாங்கியே 12 லட்சம் மைல் சேர்த்தார், அவரை எல்லோரும் புத்திசாலி என்கிறார்கள். நான் செய்தால் மட்டும் பைத்தியமா?

உண்மையைச் சொல்கிறேன் சார். அந்தக் கார்டு இல்லையென்றால் ஏர்போர்ட்டில் நான் யாரோ ஒருவன். மன்னார்குடியிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டு மறுபடியும் யாரோ ஒருவனாக நிற்க மனம் வரவில்லை. போன பொங்கலுக்குப் பிறகு ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் உழைத்ததற்கு எனக்கென்று மிஞ்சியது இதுதான். போகலாமா? செலவுக்குத் தகுந்த பலன் உண்டா?

எம், சிங்கப்பூர்

அன்புள்ள எம்,

டிக்கெட், கார்டு சம்பந்தப்பட்ட கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுடையதை மூன்று முறை படித்தேன். காரணம் இருக்கிறது. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனை அழைத்துவரத் திருச்சி விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அதில் ஒரு இளைஞன் சட்டைக்கு மேல் சட்டை போட்டு, அதற்கு மேல் ஒரு ஜெர்கினும் போட்டிருந்தான். அந்த வெயிலில் அப்படி ஏன் வருகிறான் என்று என் பக்கத்தில் நின்ற பெண் கேட்டார். எனக்குத் தெரியும். அன்றிலிருந்து 2009-இல் நடந்த ஒரு இரவு என் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த நிலையில்தான் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். செலவுக்குப் பலன் உண்டா என்றால், இல்லை. கோல்டு கார்டு என்ன தருகிறது? லவுஞ்ச் என்கிற தனி ஓய்வறை, தனி செக்-இன் வரிசை, முன்னால் ஏறும் உரிமை, 20 கிலோ கூடுதல் எடை. ஆபீஸில் பயணங்களைக் குறைத்துவிட்டார்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். பறக்காதவருக்கு லவுஞ்ச் எதற்கு?

புட்டிங்காரரின் கதையையும் நீங்கள் சரியாகப் படிக்கவில்லை. 1999-இல் டேவிட் ஃபிலிப்ஸ் என்ற கலிஃபோர்னியா பொறியாளர் சுமார் 3,140 டாலருக்கு 12,150 புட்டிங் கோப்பைகளை வாங்கினார். லேபிளை அனுப்பினால் மைல் என்று ஒரு சலுகை இருந்தது, அதில் 12.5 லட்சம் மைல் கிடைத்தது. சால்வேஷன் ஆர்மி என்ற தொண்டு அமைப்பின் தொண்டர்கள் லேபிளைக் கிழித்துக்கொடுக்க, புட்டிங்கையெல்லாம் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். பறக்க ஆசைப்பட்டுத் தரையில் இருந்தபடியே மைல் சேர்த்தவர் அவர். நீங்கள் மைலுக்காக 14 மணி நேரம் பறக்கப் போகிறீர்கள். அவரை உங்களுக்குச் சாட்சி கூப்பிடாதீர்கள்.

விமானம் எப்படியும் பறக்கும் என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சீட்டில் இருப்பவரும் அதையே சொல்லலாம். ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கரியமில வாயு வருகிறது. யாருக்கும் எங்கும் போக வேண்டிய அவசியமில்லாத பயணத்துக்கும் அதே அளவுதான். இதை இன்னொரு நாள் விரிவாக எழுதுகிறேன்.

என்னால் தாண்டிப் போக முடியாமல் நின்ற இடம், "அந்தக் கார்டு இல்லையென்றால் நான் யாரோ ஒருவன்" என்ற வரி. எம், இதை நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. கோபமாகத்தான் சொல்கிறேன். மன்னார்குடியில் ஒரு அம்மா, வீட்டில் ஒரு மனைவி, 9 வருட உழைப்பு, இத்தனையும் இருக்கிற மனிதர் எந்தத் தராசில் தன்னை நிறுத்து "யாரோ ஒருவன்" என்ற முடிவுக்கு வந்தார்?

அந்தத் தராசு யாருடையது என்று பாருங்கள். 1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் வந்தது. திடீரென்று போட்டி. எல்லா நிறுவனத்தின் சீட்டும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, பயணியை எப்படிப் பிடித்துவைப்பது? 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' திட்டத்தைத் தொடங்கியது, சில நாட்களில் யுனைடெட்டும் தொடங்கியது. நிறையப் பறந்தால் இலவசமாக ஒரு டிக்கெட். வியாபாரம்தான், அதில் தப்பில்லை. எங்கள் ஊர் மளிகைக் கடையிலும் தீபாவளிக்குப் பாத்திரம் கொடுப்பார்கள்.

அப்புறம்தான் படிநிலைகள் வளர்ந்தன. வெள்ளி, தங்கம், அதற்கும் மேலே வேறு பெயர்கள். ஜெர்மனியின் லுஃப்தான்சாவில் 'ஹான் சர்க்கிள்' என்று ஒன்று. பல வருடம் அதற்கு இரண்டு ஆண்டில் 6 லட்சம் மைல் பறக்க வேண்டியிருந்தது. அடைந்தவருக்கு ஃபிராங்ஃபர்ட்டில் தனி முனையம், விமானத்தின் அடிவரை கொண்டுவிடக் கார். இதில் கொடுக்கப்படுவது வசதி மட்டும் இல்லை. நீங்கள் நடந்து போகும் அந்தக் கம்பளத்துக்குப் பக்கத்தில் ஒரு நீண்ட வரிசை நிற்க வேண்டும். அந்த வரிசை இல்லாவிட்டால் கம்பளத்துக்கு அர்த்தமே இல்லை.

இன்னொன்று கேளுங்கள். 2020 ஜூனில், கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் தன் மைலேஜ் திட்டத்தை அடமானம் வைத்து 500 கோடி டாலர் கடன் வாங்கப்போவதாக அறிவித்தது. அந்தத் திட்டத்துக்கு அவர்கள் போட்ட மதிப்பு 2,000 கோடி டாலருக்கும் மேல். பங்குச் சந்தையில் மொத்த நிறுவனத்துக்கே அன்று அவ்வளவு விலை இல்லை! விமானங்கள் ஓடவில்லை, ஆனால் பயணிகளின் ஆசைக்கு மதிப்பு குறையவில்லை. அடமானம் போனது அந்த ஆசைதான். "யாரோ ஒருவன்" ஆகிவிடுவோமோ என்ற உங்கள் பயமும் அதற்குள் இருக்கிறது.

விதியும் அவர்கள் கையில்தான். 2023 செப்டம்பரில் அமெரிக்காவின் டெல்டா விமான நிறுவனம், இனி தூரம் கணக்கில்லை, செலவழித்த பணம்தான் கணக்கு என்றது. பயணிகள் கொதித்தபின், கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டோம் என்று தலைமை அதிகாரியே ஒப்புக்கொண்டு சிலவற்றைத் தளர்த்தினார். செலவுக் கணக்கு மட்டும் அப்படியே நின்றது. 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் அதே வழிக்கு வந்தது. அங்கே தங்க அட்டைக்கு 20,000 புள்ளி, அடிப்படையில் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. உங்களைப் போலக் கணக்குப் போட்டு மலிவு டிக்கெட்டில் சுற்றிச் சுற்றிப் பறந்த எத்தனையோ பேரின் கணக்கு ஒரே அறிவிப்பில் செல்லாமல் போனது. அட்டை இருந்தவரை பெயர் சொல்லி வரவேற்றவர்கள்தான் அது போன மறுநாள் வரிசையைக் காட்டுவார்கள். இதுவா எம் நீங்கள் சம்பாதித்த மரியாதை?

சரி, 2009.

நானும் அப்போது சிங்கப்பூரில்தான் இருந்தேன். மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் வேலை. என்னிடமும் ஒரு தங்க அட்டை இருந்தது. எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை. முந்தின வருடம் உலகம் முழுக்கப் பொருளாதாரம் சரிந்ததில் எங்கள் பயணங்களை வெட்டிவிட்டார்கள். கொஞ்சம் மைல் குறைந்தது. நீங்கள் எழுதிய அதே கணக்கை ஒரு நோட்டில் நானும் எழுதினேன். மாலையில் கிளம்பி சென்னை, மீனம்பாக்கம் பக்கத்திலேயே ஓட்டல், காலை விமானத்தில் திரும்பிவிடலாம். என் அக்கா வீடு குரோம்பேட்டையில். திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வரச் சொல்வாள், சாப்பிடச் சொல்வாள், காலை விமானத்தைப் பிடிக்க முடியாது.

சாங்கி விமான நிலையத்தில் என் வரிசையில் யாரும் இல்லை. பக்கத்து கவுண்ட்டரில் ஒருவர் பெட்டியைத் திறந்து தரையில் பரப்பிக்கொண்டிருந்தார். கட்டட வேலைக்காரர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த நாளில் 20 கிலோதான் அனுமதி, அவர் பெட்டி 27 இருந்தது. கோடாலித் தைலம், மைலோ டின், சோப்புக் கட்டு, ஒரு பெரிய போர்வை, துணி சுற்றிய ஒரு இஸ்திரிப் பெட்டி. இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஓரமாக வைப்பார், பிறகு திரும்ப உள்ளே வைப்பார். கடைசியில் தன் சட்டைகளை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். மூன்று சட்டை. அதற்குப் பிறகும் எடை நிற்காமல் வேலைக்குப் போடும் பூட்ஸையும் இரண்டு மைலோ டின்னையும் குப்பைத் தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு 40 கிலோ அனுமதி. என்னிடம் ஒரு லேப்டாப் பை மட்டும் இருந்தது. முன்பின் தெரியாதவரின் பெட்டியை நம் பெயரில் ஏற்றக் கூடாது, அது சரியான விதி, அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் 7 கிலோவுக்கான பணத்தை நான் கட்டியிருக்கலாம். எங்கும் போகாமல் போய்வர நான் கொடுத்த காசில் அது ஒரு சிறு பகுதி. அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை எம். "வெல்கம் பேக்" என்று சொன்ன பெண்ணுக்குச் சிரித்துவிட்டு லவுஞ்சுக்குப் போனேன்.

சென்னையில் குடியேற்ற வரிசையில் அவர் எனக்கு முன்னால் நின்றார். மூன்று சட்டையும் வியர்வையில் ஒட்டிக்கிடந்தன. அப்போதெல்லாம் வருகை அட்டை எழுதித் தர வேண்டும். "அண்ணே, இதக் கொஞ்சம் எழுதித் தாங்கண்ணே" என்றார். எழுதினேன். அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருடம் மூன்று மாதம் கழித்து வருகிறார், மகளை இன்னும் பார்த்ததில்லை.

"அண்ணனுக்கு எத்தன நாள் லீவு?"

"காலையில திரும்பணும்."

அவர் முகம் மாறிவிட்டது. ஒரே ஒரு ராத்திரிக்கு ஊருக்கு வருகிறவன் எதற்கு வருவான் என்று அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் உடம்புக்கு முடியலையாண்ணே?" என்றார்.

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? அட்டைக்காக வந்தேன் என்று அந்த மூன்று சட்டையைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. "அக்காவுக்கு" என்றேன்.

"மனச விட்றாதீங்கண்ணே. ஒண்ணும் ஆகாது" என்று என் கையைப் பிடித்தார். பிறகு முன்னால் திரும்பி, "அண்ணனோட அக்காவுக்கு முடியலையாம், காலையில திரும்பணுமாம், கொஞ்சம் வழி விடுங்கப்பா" என்றார். ஆறேழு பேர். எல்லோரும் அவரைப் போல வருடக்கணக்கில் வீட்டைப் பார்க்காதவர்கள். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை, ஒதுங்கி நின்றார்கள். நான் அவர்களைத் தாண்டி முன்னால் போனேன். என்னிடம் என்ன அட்டை இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அவர்களுக்கு நான் யாரோ ஒருவன்தான்.

ஓட்டலில் அந்த இரவு தூங்கவில்லை. விடியும்போது ஜன்னல் வழியாகத் தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயில் தெரிந்தது. அப்போதும் அக்காவைக் கூப்பிடவில்லை. கார்டு இன்னொரு வருடம் கையில் இருந்தது. அந்த வருடம் நான் எத்தனை முறை லவுஞ்சில் உட்கார்ந்தேன் என்று ஒன்றுகூட நினைவில்லை. அக்காவிடம் இன்றுவரை இதைச் சொன்னதில்லை. இந்தத் தளத்தை அவள் படிப்பாள், இப்போது தெரிந்துகொள்வாள். அவள் திட்டட்டும்.

இப்போது உங்களுக்கு. டோக்கியோ டிக்கெட்டை எடுக்காதீர்கள், எடுத்துவிட்டால் ரத்து செய்யுங்கள். அந்தப் பணத்தில் சென்னைக்கு எடுங்கள், மனைவியையும் கூட்டிக்கொள்ளுங்கள். சென்னை சுமார் 1,800 மைல். போய்வந்தால் 3,600, மலிவு டிக்கெட்டுக்குப் பாதிதான் சேரும், ஆக உங்கள் கணக்கில் 1,800 ஏறும். இன்னும் 1,400 குறையும், கார்டு போகும். போகட்டும். 5 வாரத்துக்கு அந்தக் கூடுதல் 20 கிலோ இன்னும் உங்களுடையது. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று இன்று இரவே கூப்பிட்டுக் கேளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது முறை கேளுங்கள்.