ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 14900கே தேவையா?

வணக்கம். இன்டெலின் 14900கே ப்ராசஸர் வாங்குவதா, ஏஎம்டியின் ரைசன் 9800எக்ஸ்3டி ப்ராசஸர் வாங்குவதா, எதுவானாலும் 360 மி.மீ. வாட்டர் கூலர் போட்டே ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர்தான் முக்கியம் என்றால் தயங்காமல் 9800எக்ஸ்3டி எடுங்கள்.

இந்த கேமில் பெரும்பாலான வேலை ஒரே மெயின் த்ரெட்டில், அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் வேலை வரிசையில், வந்து குவிகிறது. ஹீத்ரோ மாதிரி பெரிய விமான நிலையத்தில் இறங்கும்போது அந்த த்ரெட் ரேமிலிருந்து டேட்டா வரும்வரை காத்துக் கிடக்கும். அங்கே 24 கோர் இருந்தும் பெரிதாகப் பலன் இல்லை, ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரியான கேஷ்தான் கைகொடுக்கும். 9800எக்ஸ்3டியில் எல்3 கேஷ் 96 எம்பி, 14900கேயில் 36 எம்பி.

சூட்டிலும் இதே கதைதான். 14900கே முழு லோடில் 253 வாட் வரை இழுக்கும், 9800எக்ஸ்3டியின் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்பத்தின் அளவு) 120 வாட். முந்தைய எக்ஸ்3டி ப்ராசஸர்களில் கூடுதல் கேஷ் கோர்களுக்கு மேலே உட்கார்ந்து சூட்டைத் தடுத்தது. 9800எக்ஸ்3டியில் அந்தக் கேஷைக் கீழே வைத்துவிட்டார்கள். அதனால் நல்ல இரட்டை டவர் ஏர் கூலர் போதும். மிச்சமாகும் காசை முன்பக்கம் காற்று புகும் மெஷ் உள்ள கேபினெட்டுக்குச் செலவிடுங்கள். உங்கள் அறை 35 டிகிரி என்றால் எந்தக் கூலரும் அதற்குக் கீழே இறக்காது.

அப்புறம், வாங்குவதற்கு முன் கேமின் டெவலப்பர் மோடில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) காட்டியை ஆன் செய்து பாருங்கள். ஜிபியுதான் (கிராஃபிக்ஸ் கார்டு) தடை என்று காட்டினால் ப்ராசஸரை இப்போது மாற்ற வேண்டாம்.