மடைக்குக் கணக்குத் தலைப்பு இல்லை

அன்புள்ள ஐயா,

ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட் உரையில் நீர்வளத்துக்கு இத்தனை கோடி, சுற்றுச்சூழலுக்கு இத்தனை கோடி என்று வாசிக்கிறார்கள். எங்கள் ஊர்க் கண்மாயோ நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்ததைவிட மோசமாகத்தான் கிடக்கிறது. உள்வாய் முழுக்கச் சீமைக்கருவேலம். கரையில் ‘குடிமராமத்து’ என்று ஒரு பலகை மட்டும் நிற்கிறது. பணத்தைத் தின்றுவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா, அல்லது எனக்குப் புரியாத வேறு ஏதாவது இதில் இருக்கிறதா?

ர., சிவகங்கை மாவட்டம்

அன்புள்ள ர.,

தின்பவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரு கணக்கில் எழுதிவிட்டால் நமக்கு யோசிக்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான். ஒரு பைசா திருட்டுப் போகாமலே ஒரு கண்மாய் பாழாக முடியும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

என் மாமனார் ஊர்க் கண்மாயில் மூன்று மடைகள். நடுமடையின் ஷட்டரைத் தூக்கி இறக்கும் திருகுக்கம்பி துருவேறி, மரை தேய்ந்து, பாதியில் நின்றுவிட்டது. திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் ஊர் ஆளான நீர்பாய்ச்சி, வைக்கோலைப் பிரியாகத் திரித்துச் சாக்கோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார். அப்படியும் இரவு பகலாகக் கசியும். கார்த்திகையில் நிறைந்த கண்மாய் மார்கழிக் கடைசியில், சரியாகக் கதிர் பால்பிடிக்கிற நேரம் பார்த்து, வற்றிவிடும். மனு கொடுத்தோம். பொறியாளர் நேரிலேயே வந்தார், கம்பியைத் தட்டிப் பார்த்தார். “சின்ன வேலைதாங்க. ஆனா இதுக்குன்னு தனியா ஹெட்டு கிடையாது. பெரிய வேலை எதுவும் வந்தா அதுல சேர்த்துடலாம்” என்றார். ஹெட்டு என்றால் கணக்குத் தலைப்பு.

இரண்டு வருடம் கழித்துப் பெரிய வேலை வந்தது. பொக்லைன் வந்து கரையை உயர்த்தியது. பலகை நட்டார்கள். மதிப்பீட்டில் மடை இல்லை. உயர்ந்த கரைக்கு அடியில் அதே வைக்கோல் பிரி.

உங்கள் கேள்விக்குப் பதில் அந்தப் பிரியில்தான் இருக்கிறது. புதிதாகக் கட்டுவது மூலதனச் செலவு. அதற்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு, கடனும் கிடைக்கும். ஷட்டருக்குக் கிரீஸ் போடுவது, வரத்துக்கால் தூர்வாருவது, மிகுநீர் வழிகிற கலிங்கில் விழுந்த விரிசலைப் பூசுவது போன்றவை பெரும்பாலும் வருவாய்க் கணக்கில், அதாவது ஆண்டுதோறும் ஆகும் நடைமுறைச் செலவுக் கணக்கில், வருகின்றன. அங்கே சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் எல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும். வருவாய்ப் பற்றாக்குறையைக் குறை என்று நெருக்கடி வந்தால் அவற்றில் கைவைக்க முடியாது. பராமரிப்பில்தான் வெட்டு விழும். கேட்க ஆள் கிடையாது. கிரீஸுக்காக யாரும் சாலை மறியல் செய்வதில்லை.

குடிமராமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் பழைய வழக்கம் அது. கரை உடைகிற ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்க 1858-இல் வெள்ளைக்காரன் சட்டமே போட்டான். 2016-17-இல் அரசு அதைத் திட்டமாகத் திரும்பக் கொண்டுவந்தபோது 100 கோடிக்கு 1,519 பணிகள். வேலைக்குச் சராசரி ஆறரை லட்சம் ரூபாய். 2019-20-இல் ஏறக்குறைய 500 கோடிக்கு 1,829 பணிகள். சராசரி 27 லட்சம். நான்கு மடங்கு. பத்தில் ஒரு பங்கைப் பாசன விவசாயிகள் உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது விதி. ஆறரை லட்சம் வேலையில் ஊரார் மண்வெட்டியோடு இறங்கி அந்தப் பங்கைத் தீர்த்துவிடலாம். 27 லட்சம் வேலைக்குள் குடி எங்கே நிற்கும்? இது என் சந்தேகம்தான், ஆனால் பலமான சந்தேகம்.

தமிழ்நாட்டில் ஏரி, குளம், கண்மாய் என்று 39,000-க்கு மேல் இருக்கின்றன. அதில் 14,000 சொச்சம்தான் நீர்வளத் துறையிடம். மிச்சம் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களிடம். சட்டமன்றத்தில் நீர்வளத் துறையின் மானியக் கோரிக்கை எண் 40-ஐ, அதாவது துறை தன் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் பட்டியலை, வரிக்கு வரி படித்தாலும் சிறிய கண்மாய்கள் அகப்படாது. அவற்றை ஊரக வளர்ச்சியில் தேட வேண்டும். கரை ஒரு துறை, உள்வாய் மரம் இன்னொரு துறை, ஆக்கிரமிப்பை அளப்பது வருவாய்த் துறை. தண்ணீர் மட்டும் ஒன்று.

பெரிய திட்டங்களுக்கும் இந்தப் பராமரிப்புச் சிக்கல் உண்டு. பவானி ஆற்று நீரைக் குளங்களுக்கு ஏற்றும் அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தைப் பாருங்கள், அதைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். மூன்று மாவட்டத்து மக்கள் அறுபது வருடம் கேட்டது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். 1,900 கோடிக்கு மேல் செலவு, 1,045 குளம் குட்டைகள், ஆண்டுக்கு 1.5 டி.எம்.சி. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியிலிருந்து ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாகத் தண்ணீர் மேடேறுகிறது. மோட்டார் ஓடுகிற நாளெல்லாம் மின்கட்டணம் உண்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குழாய் உண்டு, வால்வு உண்டு. திறப்பு விழாவோடு முடிகிற செலவா இது? மூலதனக் கணக்கில் பிறந்த பிள்ளைக்கு வருவாய்க் கணக்கில்தான் சோறு போட வேண்டும்.

சுற்றுச்சூழல் பக்கம் இன்னும் வேடிக்கை. மாநிலம் முழுக்க 100 ஈரநிலங்களைக் காக்க ஐந்தாண்டுக்கு என்று அறிவித்த ஈரநில இயக்கத்துக்கு 115 கோடி. பள்ளிக்கரணைச் சதுப்பில் பெருங்குடிக் குப்பைமேட்டைப் பிரித்து அகற்றும் பணிக்கு மட்டும் ஏறக்குறைய 350 கோடி. அது சென்னை மாநகராட்சியின் வேலை. கெடுத்ததைச் சரிசெய்யும் செலவு குப்பைக் கணக்கில் போய்விடுவதால், சுற்றுச்சூழல் தலைப்பு எப்போதும் ஒல்லியாகவே தெரிகிறது.

அப்புறம் ஒரு சின்ன உபாயம். உரையை விடுங்கள். நிதித் துறை வெளியிடும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களில் இரண்டாண்டுக்கு முந்தைய உண்மைச் செலவு, நடப்பாண்டின் ஒதுக்கீடு, திருத்திய மதிப்பீடு, அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். ‘பராமரிப்பு’ என்று வரும் வரிகளில் முதலில் போட்ட தொகையையும் திருத்தியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கண்மாய்க்கு அதுவும் வேண்டாம். பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி அந்தப் பலகைக்குரிய வேலையின் மதிப்பீட்டு நகலைக் கேளுங்கள். ‘மடை’ என்ற சொல் அதில் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். வந்திருந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.