600 கி.மீ. ஆழத்தில் பாறை எப்படி உடைகிறது?

"அவ்வளவு ஆழத்தில் பாறை சூட்டில் இளகித்தானே இருக்கும், அப்புறம் நிலநடுக்கம் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான சந்தேகம்.

நான் குமுளிக்காரன். இங்கே தரை லேசாக அதிர்ந்தாலே டீக்கடைப் பேச்சு முல்லைப் பெரியாறு அணைக்குப் போய்விடும். ஆனால் இடுக்கிப் பக்க அதிர்வுகள் எல்லாம் பூமியின் மேலோட்டில் நடப்பவை. நீங்கள் கேட்பது வேறு சாதி.

கடலை மிட்டாய்க்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது பாருங்கள். சூடாக இருந்தால் இழுபடும். ஆறினால் 'டக்'கென்று ஒடியும். கடலுக்கடியில் உள்ள பெரிய பாறைத் தட்டு இன்னொரு பாறைத் தட்டுக்கு அடியில் வருடத்துக்குச் சில செ.மீ. வீதம் புதைகிறது. பல நூறு கி.மீ. இறங்கியும் அதன் நடுப்பகுதி சுற்றியுள்ள பாறையைவிடக் குளிர்ந்தே இருக்கும். ஆனால் குளிர்ச்சி மட்டும் போதாது. அந்த அழுத்தத்தில் விரிசலின் இரு பக்கமும் இறுகி நிற்கும், வழுக்காது.

இங்கேதான் ஆலிவின் என்ற கனிமம் வருகிறது. சுமார் 410 கி.மீ. ஆழத்தில் அது அடர்த்தியான வடிவத்துக்கு மாற வேண்டும். குளிரில் மாற்றம் தாமதமாகி, பழைய வடிவத்திலேயே கீழே போகிறது. பிறகு மெல்லிய பட்டைகளில் சட்டென்று மாறுகிறது. அப்போது உருவாகும் மிக நுண்ணிய துகள்களால் அந்தப் பட்டை வலுவிழந்து, பாறை சறுக்குகிறது. சறுக்கல் சூட்டில் பாறை உருகி இன்னும் வேகம் பிடிக்கும் என்பது இன்னொரு விளக்கம்; பெரிய நடுக்கங்களில் இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பது என் எண்ணம்.

2013 மே மாதம் ரஷ்யாவின் கிழக்கோரம் உள்ள ஒகோட்ஸ்க் கடலுக்கடியில், சுமார் 600 கி.மீ. ஆழத்தில், 8.3 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. மாஸ்கோ வரை உணர்ந்தார்கள். சுமார் 700 கி.மீ.க்குக் கீழே நிலநடுக்கங்கள் அநேகமாக நின்றுவிடுகின்றன.