பங்காளிகள் கேட்காத பணம்

கேள்வி: எனக்கு 41 வயது. காரைக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். மனைவி, ஐந்தாவது படிக்கும் மகள், இரண்டாவது படிக்கும் 7 வயது மகன். கல்யாணமானதிலிருந்து கோயில் குளம் தவிர எங்கும் அவர்களைக் கூட்டிப்போனதில்லை. வரும் மே மாதம் மாலத்தீவுக்குப் போய் நான்கு ராத்திரி தங்கிவர ஆசை. ரூ.1,60,000 சேர்த்திருக்கிறேன். கடலுக்கு மேல் கட்டிய வில்லாவில் தங்க வேண்டும் என்கிறாள் மனைவி. டிராவல்ஸ்காரர் ரூ.3,40,000 கேட்கிறார். செலவை எப்படிக் குறைப்பது? குறைக்க முடியாவிட்டாலும் வழி இருக்கிறது. ஊரில் பங்காளிகளுக்குப் பொதுவான வீட்டை ஷூட்டிங்குக்கு விட்ட வாடகை ரூ.1,90,000 என் பேரில்தான் பேங்கில் கிடக்கிறது. மழைக்கு முன் ஓடு மாற்ற வைத்த பணம். ஐந்து பங்கில் யாரும் இதுவரை கேட்கவில்லை. எடுத்துவிட்டு மெதுவாகப் போட்டுவிடலாம். அந்த வீட்டில் பெரியம்மா ஒருத்தர்தான் இருக்கிறார்.

– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

பதில்: தம்பி, மாலத்தீவை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த ஷூட்டிங் பணம்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. ஒருவர் கையில் தங்கையின் கல்யாண டெபாசிட் இருக்கும், இன்னொருவர் கையில் கோயில் வரி, வேறொருவரிடம் சீட்டுப் பணம். யாரும் கேட்கவில்லை, அப்புறம் போட்டுவிடுவேன் என்றுதான் எல்லோரும் எழுதுவார்கள். திருப்பிப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீங்கள் கணக்கு எழுதிச் சம்பளம் வாங்குகிறவர். முதலாளியின் கல்லாவில் இதே 1,90,000 கிடக்கிறது, அவர் ஆறு மாதமாக எண்ணிப் பார்க்கவில்லை என்று வையுங்கள். தொடுவீர்களா? அங்கே ஆடிட்டர் வருவார், போலீஸ் வரும். பங்காளிகள் யாரும் ஆடிட்டர் வைக்கமாட்டார்கள் என்ற தைரியத்தில்தானே இதை எனக்கு எழுதுகிறீர்கள்? அவர்கள் ஏன் கேட்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? ஊரில் இருக்கிற பிள்ளை பார்த்துக்கொள்வான் என்று நம்பி விட்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் நீங்கள் கை வைக்கப் பார்க்கிறீர்கள்.

ஓடு ஒரு வருஷம் கழித்து மாற்றினால் குடியா முழுகிவிடும் என்பீர்கள். அந்த வீட்டில் வளர்ந்தவருக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொல்கிறேன். நாட்டு ஓடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் போட்ட கூரை அது. குரங்கு ஓடி நாலு ஓடு நகர்ந்தால் கீழே நிற்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தண்ணீர் ஓரிடத்தில் புகும், அடுக்குக்குள்ளேயே சரிந்து வேறெங்கோ போய் இறங்கும். நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் இரண்டு பக்கக் கூரையும் கூடுகிற மூலை இருக்கிறதே, அங்கேதான் முதலில் சுவர் பூக்கும். பர்மா தேக்கு ஒரு மழையைத் தாங்கும், சட்டத்தின் முனை மட்டும் கறுக்கும். மேலே ஓட்டைத் தாங்கும் மெல்லிய மரச் சட்டமான ரீப்பர் அப்படி இல்லை. ஊறும், கறையான் ஏறும். அடுத்த வருஷம் ஓட்டைப் பிரித்தால் ஓட்டுச் செலவோடு மரச் செலவும் சேர்ந்து நிற்கும். அந்தத் தேக்குக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அங்கே கிடப்பது இதே மாதிரி ஒழுகவிட்டு இடித்த யார் வீட்டு மரமோ.

பெரியம்மா வீட்டின் எந்தப் பகுதியில் படுக்கிறார், அந்த இடம் ஒழுகுகிறதா என்று ஒரு வரி எழுதவில்லை நீங்கள். ஒருத்தர்தானே, சமாளித்துக்கொள்வார் என்ற நினைப்பு. ராத்திரி மழையில் எழுந்து அண்டாவைத் தூக்கி வைத்து, நிறைந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி வைக்கப்போகிறவர் அந்த ஒருத்தர்தான். நீங்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஊரில் இருக்க, அந்த வீட்டில் சாயங்காலம் விளக்கு எரிவதும் அவரால்தான். உங்கள் மகள் கல்யாணத்துக்கு எவ்வளவு பெரிய மண்டபம் பிடித்தாலும் முறைக்கு அந்த வளவுக்குத்தானே வந்து நிற்பீர்கள்? அன்றைக்கு ஐந்து பங்குக்காரர்களும் முகப்பில் உட்கார்ந்திருப்பார்கள்.

கூட்டுக் குடும்பமே போய்விட்டது, இன்னும் என்ன பங்கு, பங்காளி என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். பொதுவில் இருப்பதைப் பார்த்துக்கொள்கிறவன் தன் பணத்தை அதில் போடலாம், அதிலிருந்து எடுக்கக் கூடாது. என்னிடம் இதற்கு மறுபேச்சு கிடையாது.

வில்லா மனைவியின் ஆசை என்கிறீர்கள். பணம் எங்கேயிருந்து வரப்போகிறது என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லிப் பாருங்கள். பங்காளி வீட்டுப் பேச்சு எப்படி இருக்கும் என்று வாழ்க்கைப்பட்டு வந்தவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

சரி, மாலத்தீவு. தொண்டியில் இல்லாத கடலா என்று கேட்கிற ஆள் நான் இல்லை. கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, கப்பலேறிய ஐயாக்களின் பேரன், பிள்ளைகளுக்கு வெளிநாடு காட்ட ஆசைப்படுவதில் தப்பே இல்லை. வில்லாவை விட்டால் உங்கள் 1,60,000-க்குள் முயன்று பார்க்கலாம். வில்லா இருப்பது ரிசார்ட்டில். ரிசார்ட் என்றால் தீவு முழுக்க அவர்களுடையது. படகுக்கோ கடல் விமானத்துக்கோ தலைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள், தண்ணீர் பாட்டில்கூட அவர்கள் சொன்ன விலைதான்.

ஊர்க்காரர்கள் வாழும் தீவில் கெஸ்ட் ஹவுஸ் எடுங்கள். ஹுல்ஹுமாலே தீவு, விமான நிலையத்திலிருந்து சாலையிலேயே போகிற இடம், படகுச் செலவே கிடையாது, கடற்கரையும் உண்டு. இன்னும் நல்ல கடல் வேண்டுமென்றால் மாஃபுஷி தீவு. தலைநகர் மாலேயிலிருந்து பொதுப் படகில் ஒன்றரை மணி நேரம், கட்டணம் மிகக் குறைவு. வெள்ளிக்கிழமை மட்டும் அந்தப் படகை நம்பிப் போகாதீர்கள். ஸ்பீடு போட் சீக்கிரம் போகும், காசும் அதற்கேற்ப.

கணக்குப்பிள்ளைக்குக் கணக்காகவே சொல்கிறேன். அறை 60 டாலர் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அதன்மேல் பெரும்பாலும் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதற்கும் மேல் 17 சதவீதம் சுற்றுலா ஜிஎஸ்டி, 77 டாலர் ஆகிவிட்டது. 50 அறைக்குக் குறைந்த கெஸ்ட் ஹவுஸில் பசுமை வரி ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர். ரிசார்ட்டில் 12. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் உண்டு, ஆக நாலு பேருக்கு 24. கூட்டினால் ஒரு ராத்திரிக்கு 101 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தாலும் மூன்று ராத்திரிக்கு 26,000 ரூபாய் போல. நாலாவது ராத்திரியை வெட்டுங்கள். எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

பெரிய செலவு டிக்கெட். 2024 டிசம்பரிலிருந்து அந்த நாட்டைவிட்டுக் கிளம்பும் வெளிநாட்டவருக்கு, சாதாரண வகுப்பிலேயே, புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலையக் கட்டணம் 50 டாலர். டிக்கெட்டுக்குள்ளேயே சேர்த்துவிடுவார்கள். நாலு பேருக்கு இதுவே 34,000 ரூபாய்க்குக் குறையாது. திருவனந்தபுரத்திலிருந்து பறக்கும் நேரம் ஒன்றரை மணி போலத்தான், கொச்சி டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மே மாதம் அங்கே மழைக்காலம் தொடங்கும், அறை விலை இறங்கும், கடல் கொஞ்சம் ஆடும். ஆடினால் ஆடட்டும்.

விசாவுக்குக் காசில்லை, இறங்கியதும் தருவார்கள். திரும்பும் டிக்கெட்டும் அறைப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் அந்த நாட்டுப் பயணி விவரப் படிவமான ‘இமுகா’வை இணையத்தில் நிரப்புங்கள், அதுவும் இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். சாப்பாடு பயமில்லை. மாசிக் கருவாட்டுக்குப் பேர்போன நாடு, டீக்கடையில் தேங்காயும் மீனும் பிசைந்து ரொட்டியோடு கொடுப்பார்கள். ஊர்த் தீவுகளில் மது கிடையாது, உங்கள் பட்ஜெட்டுக்கு நல்லதுதான்.

டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வேலை. இன்று ராத்திரியே ஐந்து பங்குக்காரர்களுக்கும் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: ஷூட்டிங் வாடகை இவ்வளவு வந்தது, பேங்க் இருப்பு இது, சித்திரையில் ஓட்டு வேலைக்கு ஆள் வருகிறார். பேங்க் புத்தகத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். நாளைக் காலையில் கொத்தனாரோடு நீங்களே ஏணி வைத்து ஏறுங்கள். அப்படியே பெரியம்மாவின் கட்டிலை ஒழுகாத இடத்துக்கு மாற்றிப் போடுங்கள். பங்காளிகளில் ஒருவராவது, நல்லா செய்யுறே தம்பி, நீயும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிட்டு வா என்று ஏதாவது அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் பணம்.

பிள்ளைகளுக்கு பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா? அதையும் எழுதவில்லை. பெரியவர்களுக்குத் தலைக்கு ரூ.1,500, மகளுக்கு ரூ.1,000. மகனுக்கு எட்டு வயது ஆகாததால் பத்து சதவீதம் தள்ளுபடி, ரூ.900. பட்ஜெட்டில் முதல் வரியாக இதை எழுதிக்கொள்ளுங்கள்.