தொழில்முனைவோர் என்றால் உண்மையில் யார்? சொந்தமாகக் கடை வைத்திருந்தாலே போதுமா?

போதும். யோசனை புதிதா பழையதா, கம்பெனி பெரிதா சிறிதா என்பதெல்லாம் அப்புறம். 18-ஆம் நூற்றாண்டில் பொருளாதார அறிஞர் ரிச்சர்ட் கான்டிலான் சொன்ன இலக்கணம்தான் இன்றைக்கும் எனக்குச் சரியாகப் படுகிறது: தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்பவர். (வரவு நிச்சயமில்லை என்ற கணக்கில் பிச்சைக்காரரையும் திருடரையும்கூட அவர் சேர்த்துவிட்டார்.) வாடகை, சம்பளம், சரக்குக்கான பணம் எல்லாம் தேதி தவறாமல் போயாக வேண்டும். வரவுக்கு மட்டும் தேதியும் கிடையாது, தொகையும் கிடையாது. எல்லாருக்கும் கொடுத்ததுபோக மிஞ்சினால் உங்களுக்கு. துண்டு விழுந்தால் அதுவும் உங்கள் தலையில்.

1921-இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஃபிராங்க் நைட் இதை இன்னும் கூர்மையாகப் பிரித்தார். வாய்ப்பைக் கணக்கிட முடிந்த ஆபத்து ஒரு வகை. தீ விபத்தைப் போல, அதற்குக் காப்பீடு எடுத்துவிடலாம். கணக்கிடவே முடியாத நிச்சயமின்மை இன்னொரு வகை. உங்கள் பொருளை எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதற்கு யாரும் பாலிசி தர மாட்டார்கள். லாபம் பிறப்பதே அந்த இரண்டாவது வகையில்தான் என்பது அவர் வாதம்.

ஆகவே முதல் வேலை அந்த நிச்சயமின்மையை மலிவாகக் குறைப்பது. "இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள்; முகத்துக்கு நேரே மறுக்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் "ஆமாம்" என்பார்கள். முன்பணம் கேளுங்கள். கொடுக்கிறவர்தான் வாடிக்கையாளர்.

அடுத்தது கணக்கு. விலை 100, ஒரு பொருளுக்கான நேரடிச் செலவு 60 என்றால் கையில் நிற்பது 40. வாடகை, சம்பளம் போன்ற நிலையான செலவு மாதம் 40,000 என்றால், 1,000 பொருள் விற்றால்தான் நஷ்டமில்லை. இங்கே இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, தன் சம்பளத்தை எழுதாமல் விடுவது: அதற்கு 20,000 சேர்த்தால் 1,500 விற்றாக வேண்டும். மற்றொன்று தள்ளுபடி. 10 சதவீதம் குறைத்தால் கையில் நிற்பது 30 ஆகிவிடும். பழைய 40,000-ஐ எடுக்கவே 1,334 விற்க வேண்டும், அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விற்பனை. "கொஞ்சம்தானே குறைக்கிறோம்" என்று பலர் விழுவது இந்தக் குழியில்தான்.

இதையும் தாண்டி, லாபத்தில் ஓடும் தொழிலே மூச்சுத் திணறும். காரணம் நாள் கணக்கு. சரக்கு 30 நாள் கிடங்கில் கிடக்கிறது, விற்றபின் பணம் வர 45 நாள், சப்ளையர் உங்களுக்குத் தரும் தவணை 15 நாள். 30-ஐயும் 45-ஐயும் கூட்டி 15-ஐக் கழித்தால் 60 நாள். அதுவரை உங்கள் பணம் வெளியில்தான். மேலே சொன்ன 1,000 பொருளுக்கு மாத நேரடிச் செலவு 60,000; எனவே தோராயமாக 1,20,000 முடங்கிக் கிடக்கும். விற்பனை இரட்டிப்பானால் அது 2,40,000 ஆகும். அப்போது உங்கள் சம்பளத்தை எடுக்காமலே மாத லாபம் 40,000தான். கூடுதலாக முடங்கும் 1,20,000-ஐ ஈடுகட்ட மூன்று மாத லாபம் முழுவதும் போய்விடும். பெரிய ஆர்டர் வந்த சந்தோஷத்தில் சம்பளத் தேதி தவறுவது இப்படித்தான். பாதி முன்பணம் வாங்குவது, வாங்குபவருக்குத் தரும் தவணையை 45-லிருந்து 30 நாளாக்குவது, தேங்கும் சரக்கைக் குறைப்பது: மூன்றில் ஏதாவது ஒன்றை ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே பேசி முடிக்க வேண்டும். சரக்கு போனபிறகு பேசிப் பயனில்லை.

கூட்டாளி உண்டென்றால் ஆளுக்குப் பாதி என்று முதல் நாளே பங்கை எழுதிவிடாதீர்கள். எட்டாவது மாதம் ஒருவர் விலகினாலும் அந்தப் பாதி அவரிடமே இருக்கும். உழைப்பு முழுக்க உங்களுடையது. நான்கு ஆண்டுகளில் படிப்படியாகப் பங்கு சேரும், முதல் ஆண்டு முடியுமுன் விலகினால் எதுவும் இல்லை என்பது பரவலாக உள்ள ஏற்பாடு.

லிமிடெட் கம்பெனியாகப் பதிந்துவிட்டால், தொழில் கடனில் மூழ்கினாலும் வீடு வாசல் தப்பும் என்பதும் பாதி உண்மைதான். கம்பெனிக் கடனுக்கு நீங்களே தனிப்பட்ட முறையில் ஜாமீன் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்த வேலி இல்லை. கையெழுத்துக்கு முன் ஜாமீனுக்கு உச்சத் தொகை போடச் சொல்லிக் கேளுங்கள்; கடன் அடைந்ததும் ஜாமீனை விடுவித்ததாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.