சாம்பல் நிற டார்ச்சுக்கு ஏன் கூடுதல் விலை?

ராத்திரி கரன்ட் வரும் நேரத்தில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அலுமினிய டார்ச் வாங்கப் போனேன். ஒரே மாடல், கறுப்பு, சிவப்பு, நீலம், சாம்பல் என்று நான்கு நிறத்தில் இருந்தது. சாம்பல் மட்டும் விலை அதிகம். வெறும் நிறத்துக்கா இவ்வளவு காசு?"

நிறத்துக்காக இருக்காது. அந்தச் சாம்பல் டார்ச்சின் மேல் படலம் அநேகமாக வேறு வகையாக இருக்கும். பெட்டியில் 'டைப் 3' அல்லது 'ஹார்டு அனோடைஸ்டு' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

அலுமினியத்தை அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், அதன் மேல்பரப்பே ஆக்ஸைடாக மாறும். இதுதான் அனோடைசிங். உலோகமே மாறி உண்டான படலம் என்பதால் பெயின்ட் போல உரிந்து வராது. டைப் 2 என்பது கந்தக அமிலத்தில், சாதாரண வெப்பநிலையை ஒட்டிச் செய்வது. படலம் 25 மைக்ரானுக்குள்தான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் நுண்ணிய துளைகள் நிறைய உண்டு. அவற்றில் சாயத்தை ஏற்றி, வெந்நீரில் போட்டு வாயை அடைத்துவிடுவார்கள். சிவப்பு, நீலம், ஊதா எல்லாம் இப்படி வருபவை. டைப் 3-ல் தொட்டியைக் கிட்டத்தட்ட 0 டிகிரிக்குக் குளிரவைத்து, மின்சாரத்தையும் கூட்டுகிறார்கள். படலம் 25 முதல் 50 மைக்ரான் வரை அடர்த்தியாக வளரும். சாயமே போடாவிட்டாலும் அது தானாகச் சாம்பலாகவோ, பச்சை கலந்த பழுப்பாகவோ மாறிவிடும். வீட்டில் ஹார்டு அனோடைஸ்டு கடாய் இருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள், அதே வேலைதான். குளிரூட்டும் செலவும் கூடுதல் நேரமும் சேர்ந்துதான் விலை ஏறுகிறது.

இன்னொன்று. சாயம் போடாத டைப் 3 டார்ச்சில் தலைப்பகுதி ஒரு சாயலிலும் வால்மூடி வேறு சாயலிலும் இருக்கலாம். உலோகக் கலவை, படலத்தின் தடிமன், தொட்டியின் குளிர்ச்சி இவற்றில் சின்ன வித்தியாசம் வந்தாலும் நிறம் மாறும். குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வேலைக்கு நான் சாம்பலையே சொல்வேன். எந்தப் படலமானாலும் கீழே இருப்பது மெத்தென்ற அலுமினியம். சிமென்ட் தொட்டி மேல் விழுந்தால் விளிம்பில் சில்லு தெறிக்கத்தான் செய்யும். கறுப்பில் அந்த இடம் வெள்ளியாகப் பளிச்சென்று தெரியும், சாம்பலில் கண்ணில் படாது. சரி, கறுப்புதான் பிடிக்கிறது என்றால் டைப் 3 கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள், உழைக்கும். சிவப்பும் நீலமும் வெயிலில் வெளுக்கும். பைக்கிலேயே கிடக்கும் டார்ச்சுக்கு அவை வேண்டாம். சாயமும் அடைப்பும் சரியில்லாத மட்டமான கறுப்புகூட நாளடைவில் ஊதாவாகவோ பழுப்பாகவோ திரும்பும்.

சிவப்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: புல்லில் விழுந்தால் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். சாம்பலும் ராணுவப் பச்சையும் வரப்பில் விழுந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். வால் பக்கத்து ஓட்டையில் பளிச்சென்ற மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிவிட்டால் அந்தக் குறை தீர்ந்தது.

வெள்ளை டார்ச் என்றால் அது பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங்தான். வெள்ளை தரும் துகள்கள் அந்தத் துளைகளுக்குள் நுழையாத அளவுக்குப் பெரியவை. மற்ற நிறங்களில் சந்தேகம் வந்தால், பிடிக்காக வெட்டியிருக்கும் குறுக்குக் கோடுகளை உற்றுப் பாருங்கள். அனோடைசிங் என்றால் ஒவ்வொரு வெட்டும் கூர்மையாக இருக்கும். பெயின்ட் என்றால் பள்ளங்கள் நிரம்பி மழுங்கியிருக்கும்.

கடையில் கட்டாயம் செய்ய வேண்டியது, வால்மூடியைக் கழற்றி மரையைப் பார்ப்பது. நான் நிறத்தைவிட இதைத்தான் முதலில் பார்ப்பேன். மரைக்கும் அனோடைசிங் செய்திருந்தால் திருகும்போது கரகரப்பு இருக்காது, சீக்கிரம் தேயாது. இந்தப் படலம் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் அப்படிப்பட்ட டார்ச்சில் குழாயின் விளிம்பு வட்டத்தை மட்டும் வெறும் உலோகமாக விட்டிருப்பார்கள், மின்சாரம் அந்த வழியாகத்தான் போகும். அந்த வட்டத்தைத் துணியால் துடைத்துச் சுத்தமாக வைத்திருங்கள். வெளிச்சம் மினுக்மினுக்கென்றால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுதான். மரைக்கும், தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கும் கொஞ்சம் சிலிக்கோன் கிரீஸ் போதும். சேறு ஒட்டினால் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். சலவை சோடா, பாத்ரூம் ஆசிட் பக்கம் கொண்டுபோகாதீர்கள், இரண்டுமே படலத்தை அரிக்கும்.

மரையில் அனோடைசிங் இருந்தால், பையில் போடும்போது வால்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிடுங்கள். விளிம்பு வட்டத்தோடு தொடர்பு விட்டுப்போகும், பொத்தான் அழுந்தினாலும் எரியாது. வெறும் மரையுள்ள டார்ச்சில் இது பலிக்காது.