அண்டார்டிகா கப்பலில் அம்மாவுக்கு எந்த கேபின்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. நன்றாக நடப்பார், ஆனால் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். இருவரும் சுமார் நூறு பேர் போகும் சிறிய கப்பலில் அண்டார்டிகா போகிறோம். மேல்தளத்தில் பால்கனி கேபின், கீழ்த்தளத்தில் வட்ட ஜன்னல் கேபின், இரண்டும் காலியாக இருக்கின்றன. எதை எடுப்பது? அம்மாவால் படகில் கரைக்குப் போக முடியுமா?

பதில்: கீழ்த்தளம்தான், அதுவும் கப்பலின் நடுப்பகுதியில். இரண்டும் ஒரே விலை என்றாலும் இதையே சொல்வேன்.

அலையில் கப்பல் எப்படி அசைந்தாலும், ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது நீர்மட்டத்தை ஒட்டிய நடுப்பகுதியில். மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். முன்பக்கமோ பின்பக்கமோ போனால் தூக்கிப் போடும். பெரும்பாலான கப்பல்கள் அர்ஜென்டினாவின் உஷுவாயாவிலிருந்து கிளம்பி, சுமார் 800 கி.மீ. அகலமுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கின்றன. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். அந்த நாட்களில் கடல் கொந்தளித்தால் பால்கனிக் கதவைத் திறக்கக்கூட விடமாட்டார்கள். அப்போது கீழே வட்ட ஜன்னலையும் இரும்பு மூடியால் அடைப்பார்கள், அதற்கு அம்மாவைத் தயார்படுத்துங்கள். கேபினில் இருப்பதே கொஞ்ச நேரம்தான். திமிங்கிலம் தெரிந்தால் அறிவிப்பு வரும், எல்லோரும் வெளித்தளத்துக்கு ஓடுவார்கள்.

குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டையைப் பலர் பரிந்துரைப்பார்கள். வயதானவர்களுக்கு அது குழப்பத்தையும் தூக்கக் கலக்கத்தையும் தரலாம், சிலவகை கண் அழுத்த நோய் இருந்தால் கூடவே கூடாது. அதனால் அம்மாவின் டாக்டரைக் கேட்காமல் ஒட்டாதீர்கள். வயிற்றைக் காலியாக விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். நடக்கும்போது ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்க வேண்டும். கப்பலில் அடிபடுபவர்களில் பலர் வழுக்கி விழுந்தவர்கள்தான்.

சரி, கரைக்குப் போவது. ஸோடியாக் என்ற ரப்பர் படகில் பத்துப் பேர் போல ஏற்றுவார்கள். கப்பலின் பக்கவாட்டுப் படியில் இறங்கும்போது பணியாளர் அம்மாவின் முன்கையைப் பிடிப்பார், அம்மாவும் அவர் முன்கையைப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், கேமரா முதுகுப்பையில். கரையில் முழங்காலளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும், உயரமான ரப்பர் பூட்ஸை வழக்கமாகக் கப்பலிலேயே தருவார்கள். படியேறி இறங்க முடிந்தால் இது அம்மாவால் முடியும். சோர்ந்தால் முதல் படகிலேயே திரும்பலாம். இறங்காமல் பனிப்பாறைகளுக்கிடையே படகிலேயே சுற்றும் நேரங்களும் உண்டு, எனக்குப் பிடித்தது அதுதான்.

ஒரே இடத்தில் ஒரு நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் இருக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் எடுத்திருக்கும் அளவுள்ள கப்பலில் முறை வைத்துக் காத்திருக்கும் தொல்லை குறைவு. ஆனால் காற்றும் பனியும் பார்த்துத் திட்டம் தினமும் மாறும். மறுநாள் எங்கே என்பதை மாலைக் கூட்டத்தில்தான் சொல்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

அப்புறம், கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் அறுவை சிகிச்சை வசதியை எதிர்பார்க்க முடியாது. அவசர வெளியேற்றத்துக்கும் பணம் தரும் காப்பீடு இல்லாமல் அம்மாவை ஏற்றாதீர்கள்.